என்95 மாஸ்க்கைச் சூடாக்கி மறுபடி போட்ட அனுபவம் உண்டா? பகிருங்கள்

ஐசியூ நர்ஸ்:
2020-இல் கொரோனா வார்டில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய வேண்டிய மாஸ்க்கை, தட்டுப்பாடு காரணமாக, பேர் எழுதிய பேப்பர் கவரில் போட்டு அனுப்புவோம். 70 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துத் திருப்பித் தருவார்கள். கையில் வாங்கும்போது வைரஸைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. மாஸ்க் முகத்தில் சரியாக உட்காருமா என்பதுதான் கவலை. இரண்டு கையாலும் பொத்திப் பலமாக ஊதினால், காற்று எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். முதலில் சூடாக்கி வந்தபோது சிக்கென்று பொருந்தியது. போகப்போக எலாஸ்டிக் தளர்ந்து, மூக்கோரம் காற்று வர ஆரம்பித்தது. வேறு மாஸ்க் தராமல் உள்ளே போகமாட்டேன் என்று நின்றேன், தந்தார்கள். அதே ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றும், உலர் வெப்பம் என்றால் இரண்டு தடவை வரைதான் என்று சொன்னது.

கிருமி நீக்கப் பிரிவு ஊழியர்:
அந்த மாதிரி கவர்களை வாங்கி அடுக்கியவன் நான், சிஸ்டர். "ஆட்டோகிளேவ் இருக்கிறதே, அதில் போட்டால் என்ன?" என்று டாக்டர்களே கேட்டார்கள். அது 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கும் கருவி. கிண்ண வடிவ மாஸ்க்குகள் பல அதில் கோணிப்போகும். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் பாலிப்ரொப்பிலீன் அடுக்கு. அந்த இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். இழைகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருந்தும் நுண்துகள் தப்பாமல் இருப்பது அந்த மின்னூட்டம் இழுத்துப் பிடிப்பதால்தான். மூச்சு முட்டாமல் 95 சதவீதம் வடிகட்டுவதும் அதனால்தான். ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டால் மின்னூட்டம் போய்விடும். பார்வைக்கு மாஸ்க் புதுசு போலவே இருக்கும், அதுதான் கொடுமை. இந்த மின்னூட்ட முறையை உருவாக்கிய பீட்டர் சாய், ஓய்விலிருந்து திரும்பி வந்து இதையே ஆராய்ந்தார். அவர் சொன்னதும் 70 டிகிரி, அரை மணி. உலோகத்தில் படாமல் தொங்கவிட வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சூட்டில் கொரோனா வைரஸ் செயலிழக்கும். வித்தாக மாறி உறங்கும் பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்ளும். ஆகவே அவரவர் மாஸ்க் அவரவருக்கே. பேர் அழிந்த கவர் வந்தால் உள்ளே இருப்பதைக் குப்பையில் போட்டுவிடுவேன், எவ்வளவு தட்டுப்பாடு இருந்தாலும்.

அப்பாவைக் கவனித்த மகள்:
வீட்டில் அப்பாவுக்குத் தொற்று வந்தபோது நானும் தேடித்தேடிப் படித்தேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தினர், எலெக்ட்ரிக் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் சுமார் 100 டிகிரியில் 50 நிமிடம் வைத்துச் சோதித்திருந்தார்கள். எங்கள் குக்கரில் அந்தச் சூடு நிலையாக நிற்குமா என்று பார்க்க வழியில்லை, சமைக்கிற பாத்திரம் வேறு. விட்டுவிட்டேன். சில மாஸ்க்குகளைத் தனித்தனி பேப்பர் கவரில் போட்டு, நாள்கணக்கில் ஆறவிட்டு முறை மாற்றிப் போட்டேன். அண்ணா, மைக்ரோவேவில் வைக்கலாம் என்று சொல்கிறார்களே, சரியா?

கிருமி நீக்கப் பிரிவு ஊழியர்:
வேண்டாம்மா. மூக்கில் அழுத்தும் பட்டை உலோகம், பொறி பறக்கும்; மாஸ்க் உருகவும் செய்யும். நீங்கள் ஆறவிட்டு மாற்றிப் போட்டதே நல்ல வழி. ரத்தமோ சளியோ பட்டதை மட்டும் எந்த வழியிலும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், உடனே எறிந்துவிடுங்கள்.