முதல் 50 கிமீ-க்கு மூணு வாரம்தான் இருக்கு, விட்டுப்போன லாங் ரன்னை இப்ப ஓடிடலாமா?

வேர்வைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். ஃபுல் மாரத்தான் முன்னாடியே முடிச்சிருக்கேன், மாரத்தானை விட நீளமான அல்ட்ரா இதுதான் முதல் தடவை. 50 கிமீ, முழுக்க ட்ரெயில் (மண்ணு, மலைப் பாதை), நடுவுல ரெண்டு பெரிய ஏத்தம், கட் ஆஃப், அதாவது முடிக்கறதுக்கு கொடுக்கற நேரம், 9 மணி நேரம். என் பிளான்ல சனிக்கிழமை 32, ஞாயித்துக்கிழமை 20-ன்னு அடுத்தடுத்த நாள் ஓடற ஒரு பேக் டு பேக் இருந்துச்சு, கரெக்டா அந்த வாரம் பார்த்து காய்ச்சல் வந்து படுத்துட்டேன், அப்புறம் வேலை நெருக்கடில அது அப்படியே போயிடுச்சு. இந்த ட்ரெயினிங்ல நான் ஓடின அதிகபட்ச தூரம் 34. இப்ப பிளானை எடுத்துப் பார்த்தா ரேஸுக்கு முன்னாடி ஓட்டத்தைக் குறைக்கற டேப்பர்னு போட்டு கிமீ எல்லாம் இறங்கிகிட்டே வருது, எனக்கு வயித்தைக் கலக்குது. 34 ஓடினவன் 50-ஐ எப்படி முடிப்பான்? வர்ற ஞாயிறு ஒரு 44 ஓடிட்டா மனசு அடங்கிடும்னு தோணுது, ஓடலாமா?

இன்னும் ரெண்டு விஷயம். இடது கால் முன்னெலும்புல கொஞ்ச நாளா ஒரு வலி, ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல போயிடுது, வீட்டுக்கு வந்து உக்காந்தா திரும்ப வருது. அப்புறம் மூணு மணி நேரம் தாண்டினா, ஓடறப்ப தெம்புக்கு எடுக்கற சர்க்கரை ஜெல்லைப் பார்த்தாலே குமட்டுது. இதுக்கெல்லாம் என்ன பண்றதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மலைப்பாதை:
44 வேண்டாம். வினையை விலை கொடுத்து வாங்காதீங்க.

ஒரு பெரிய ஓட்டத்தோட பலன் உடம்புல சேர ரெண்டு மூணு வாரம் ஆகும், ஆனா அதோட அடி மறுநாளே தெரியும். இப்ப 44 ஓடினா ரேஸ் வரைக்கும் கிடைக்கிற நேரம் முழுக்க அதுல இருந்து மீள்றதுக்கே போயிடும், புதுசா தெம்பு எதுவும் வராது. முழு தூரத்தையும் ட்ரெயினிங்லயே ஓடிப் பார்க்கணும்னு அல்ட்ரால யாரும் நினைக்கிறதில்ல. தென்னாப்பிரிக்காவுல 1921-ல இருந்து நடக்கிற காம்ரேட்ஸ் அல்ட்ரா ரேஸ் கிட்டத்தட்ட 90 கிமீ, அதுக்கு தயாராகுற சாதாரண ஆளுங்க பிளானை எடுத்துப் பாருங்க, நீளமான ஓட்டமே 60 பக்கம்தான் நிக்கும், அதுவும் ரேஸுக்கு பல வாரம் முன்னாடியே முடிஞ்சிருக்கும்.

உங்க பயத்துக்கு மருந்து தூரம் இல்ல, கணக்கு. 9 மணி நேரம்னா 540 நிமிஷம். வழில சாப்பாடு, தண்ணி வைக்கிற எய்ட் ஸ்டேஷன்ல நிக்கிறதுக்கு 30 நிமிஷம் கழிச்சிருங்க, 510. ரெண்டு ஏத்தமும் சேர்த்து ஒரு 10 கிமீ வருதுன்னு வச்சுக்குவோம், அதை ஓடவே ஓடாம கிமீ-க்கு 18 நிமிஷம்னு நடந்தே ஏறினாலும் 180 நிமிஷம். மீதி 40 கிமீ-க்கு 330 நிமிஷம் கையில இருக்கு, அதாவது கிமீ-க்கு 8 நிமிஷம் 15 செகண்ட். மாரத்தான் முடிச்ச ஆளுக்கு இது ஓட்டமா சொல்லுங்க? உங்க ரேஸோட ஏத்த தூரத்தைப் போட்டு இதே கணக்கை நீங்களே ஒரு தடவை பேப்பர்ல எழுதிப் பாருங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரும்.

அந்த ஞாயித்துக்கிழமை சும்மா இருக்க முடியலன்னா ரெண்டு ரெண்டரை மணி நேரம் வெளிய போங்க, ஆனா மேட்டுல நடந்து பழகுங்க. நடக்கிறதுன்னா உலாத்தறது இல்ல, உடம்பை லேசா முன்னாடி சாய்ச்சு, கையை தொடையில ஊனி, சின்னச் சின்ன எட்டு வச்சு விடாம ஏறணும். முதல் அல்ட்ராக்காரங்க நிறைய பேர் இதைப் பழகாம வந்து முதல் ஏத்தத்துலயே மூச்சு வாங்க ஓடி, இறக்கத்துல தொடை கழண்டு உக்காந்திருப்பாங்க.

பழையஷூ:
மலைப்பாதை அண்ணா சொன்னதை முக்கால்வாசி ஒத்துக்கறேன், ஆனா டேப்பர்னு சொன்ன உடனே சோபால போய் விழுந்துடாதீங்க, அதுவும் தப்பு. டேப்பர் பத்தி வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் மொத்தமா சேர்த்து அலசினப்ப நல்லா வேலை செஞ்சது எதுன்னா, சுமார் ரெண்டு வாரம், மொத்த தூரத்துல 40-ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் குறைப்பு, ஆனா வாரத்துல எத்தனை நாள் ஓடறீங்கங்கறதும் வேகமும் அப்படியே இருக்கணும். நாலு நாள் ஓடறவர் நாலு நாளும் ஓடட்டும், ஒவ்வொண்ணும் சின்னதா இருக்கட்டும், நடுவுல 20 செகண்ட் வேகமா அஞ்சாறு தடவை ஓடிட்டு வாங்க, கால் மறந்துடாம இருக்கும். உச்ச வாரம் 70 கிமீ போயிருந்தா அடுத்தது 50, அப்புறம் 35, ரேஸ் வாரத்துல ரேஸை விட்டுட்டு 15 இருந்தாலே தாராளம்.

இன்னொண்ணு இறக்கம். எல்லாரும் ஏத்தத்தைப் பார்த்து பயப்படறாங்க, தொடையைக் காலி பண்றது இறக்கம்தான், ஏன்னா தசை நீண்டுகிட்டே பிரேக் போடற வேலை அங்கதான். ஒரு தடவை நல்ல இறக்கம் ஓடி தொடை வலிச்சு ஆறிடுச்சுன்னா அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கம் அவ்வளவு அடிக்காது. ஆக ரேஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப ஒரு நாள் 20-30 நிமிஷம் இறக்கம் ஓடி வச்சுக்கோங்க, அதுவும் அந்த முன்னெலும்பு வலி என்னன்னு தெரிஞ்ச பிறகு. கடைசி வாரத்துல இதைத் தொடவே தொடாதீங்க.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, டேப்பர்ல இல்லாத வலி எல்லாம் வரும். முட்டி சொடக்கு போடும், தொண்டை கரகரங்கும், படி ஏறினா மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். பாதிக்கு மேல வெறும் மனசுதான்.

நாலாவதுவிரல்:
நான் பிசியோ, அதனால அந்த கால் வலியை மட்டும் பேசறேன். மேல சொன்ன "பாதி மனசுதான்" லிஸ்ட்ல உங்க முன்னெலும்பு வலியைச் சேர்த்துடாதீங்க.

உக்காந்து கட்டை விரலால எலும்போட உள்பக்க ஓரத்தை மேல இருந்து கீழ வரைக்கும் அழுத்திக்கிட்டே வாங்க. ஒரு நீளத்துக்கு, அஞ்சு செமீ-க்கு மேலயே, பரவலா வலிச்சா பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது முன்னெலும்பு ஓரத்துல ஓட்டச் சுமையால வர்ற வலி. ஓட ஆரம்பிச்சா குறையறது, நிறுத்தினா திரும்ப வர்றதும் அதோட குணம்தான். ஆனா ஒரே ஒரு இடத்துல, விரல் நுனி அகலத்துல, தொட்டா தூக்கிப் போடற மாதிரி வலிச்சா, இல்ல ராத்திரி படுத்திருக்கறப்ப வலிச்சா, இல்ல அந்த ஒத்தைக் கால்ல குதிச்சா அதே இடத்துல சுரீர்னு வந்தா, ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அது எலும்புல விழற அழுத்தக் கீறலா இருக்கலாம். முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல அது தெரியாம போகலாம், "எக்ஸ்ரே நல்லாருக்கு"ன்னு யாரோ சொன்னாங்கன்னு ஓடிடாதீங்க, சந்தேகம் இருந்தா எம்ஆர்ஐதான் சொல்லும்.

வலி மாத்திரை போட்டு ரேஸ் ஓடற யோசனை இருந்தா இப்பவே விட்டுடுங்க. 2017-ல வெளியான ஒரு ஆய்வுல 80 கிமீ ஓடினவங்களைப் பிரிச்சு ஒரு பாதிக்கு ஐபுப்ரூஃபன், இன்னொரு பாதிக்கு வெத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க. கிட்னி அடி வாங்கினதுக்கான அறிகுறி ஐபுப்ரூஃபன் போட்டவங்கள்ல 52 சதவீதம், போடாதவங்கள்ல 34. மாத்திரை இல்லாமலே 34-ங்கறதை கவனிங்க, நீண்ட ஓட்டமே கிட்னிக்கு ஒரு சுமைதான், அதுமேல இதையும் ஏத்தறது எதுக்கு.

குமட்டல்ராணி:
பேரைப் பார்த்தாலே தெரியும், வயித்து விஷயம் என் ஏரியா 😄

தம்பி, முதல்ல நீங்க ஜெல்லை எப்ப எடுக்கறீங்க, கூட தண்ணி குடிக்கறீங்களான்னு பாருங்க. நிறைய பேர் பசிக்கட்டும்னு ஒண்ணரை மணி நேரம் எதுவும் எடுக்காம ஓடிட்டு அப்புறம் அடுத்தடுத்து ரெண்டு ஜெல்லை உள்ள தள்ளுவாங்க. ஓடறப்ப ரத்தம் எல்லாம் கால் பக்கம் போயிடுது, குடலுக்கு வர்றது குறைவு, அந்த நேரத்துல கெட்டியா சர்க்கரையை ஊத்தினா அது அப்படியே தேங்கி நிக்கும், குமட்டாம என்ன செய்யும். முதல் அரை மணி நேரத்துலயே ஆரம்பிச்சு 20-25 நிமிஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, ஜெல்லுன்னா கூட ரெண்டு மடக்கு தண்ணி.

அளவு பத்தி: குளுக்கோஸ் மட்டும்னா குடல் மணிக்கு 60 கிராம் பக்கம்தான் உறிஞ்சும், அந்த வழி அதோட நிறைஞ்சிடும். ஃப்ரக்டோஸுக்கு தனி வழி இருக்கறதால ரெண்டும் கலந்த ஜெல்லா இருந்தா 90 வரைக்கும் போறவங்க இருக்காங்க. உங்க வேகத்துக்கு அவ்வளவு தேவைப்படாது, 40-50 வயித்துல நின்னாலே ராஜா. ஆனா இதையும் பழக்கணும், குடலும் பழகும். மிச்சம் இருக்கற ஓட்டம் எல்லாத்துலயும், சின்ன ஓட்டமா இருந்தாலும் சரி, ரேஸ்ல என்ன சாப்பிடப் போறீங்களோ அதையே சாப்பிட்டு ஓடுங்க. மூணு மணி நேரத்துக்கு மேல இனிப்பு திகட்டுதுன்னா அது எல்லாருக்கும் நடக்கறது, அதுக்குத்தான் எய்ட் ஸ்டேஷன்ல உப்பு போட்ட வேகவச்ச உருளைக்கிழங்கு, சிப்ஸ் எல்லாம் வைக்கறாங்க. உங்க ரேஸ்ல என்ன வைக்கறாங்கன்னு மெயில் போட்டுக் கேளுங்க, வெக்கப்படாதீங்க.

அதையும் மீறி ரேஸ்ல குமட்டுச்சுன்னா வேகத்தைக் குறைச்சு பத்து நிமிஷம் நடங்க, தண்ணியை வாய் வாயா உறிஞ்சுங்க, பெரும்பாலும் இறங்கிடும். பயத்துல தண்ணியை லிட்டர் கணக்குல குடிக்காதீங்க. தாகத்துக்கு மட்டும் குடிங்க. ரத்தத்துல சோடியம் (உப்புச்சத்து) லிட்டருக்கு 135 மில்லிமோலுக்கு கீழ இறங்கறது அதிகமா தண்ணி குடிக்கறவங்களுக்குத்தான் முக்கியமா வருது, கை விரல் வீங்கறது, தலைவலி, வாந்தி, பேச்சு குழர்றதுன்னு போகும், அப்ப இன்னும் தண்ணி கொடுத்தா ஆபத்து. உப்பு மாத்திரை முழுங்கிட்டோம், இனிமே எவ்வளவு வேணா குடிக்கலாம்னு நினைக்கறதும் சரியில்ல.

இரவுக்கோட்டான்:
எல்லாரும் பெரிய விஷயம் சொல்லிட்டாங்க, நான் கால் நகம் பத்தி சொல்றேன். ரேஸுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி வெட்டுங்க, முந்தின நாள் வெட்டி ஓரத்துல புண்ணாக்கிக்காதீங்க. தொடை இடுக்கு, அக்குள், பை உரசற தோள்பட்டைல வாசலின். புது ஷூ வாங்கற ஆசை இந்த மூணு வாரத்துல கண்டிப்பா வரும், கையைக் கட்டிப் போட்டுக்கோங்க. இருட்டுல ஸ்டார்ட்னா ஹெட்லாம்ப் போட்டு ஒரு நாள் கல்லு மண்ணுல ஓடிப் பாருங்க, வெளிச்சத்துல நிழல் விழற விதமே வேற.

வேர்வைத்துளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கல. மலைப்பாதை அண்ணா கணக்கை எங்க ரேஸ் மேப்பை வச்சு போட்டேன், ஏத்தம் 12 கிமீ வருது, மீதிக்கு 7 நிமிஷம் 44 செகண்ட், அதுவும் எனக்கு சமாளிக்கற வேகம்தான். 44 ஓடல. பிசியோ சொன்ன மாதிரி அழுத்திப் பார்த்தேன், உள்ஓரத்துல ஒரு விரல் நீளத்துக்கு பரவலாத்தான் வலிக்குது, குதிச்சா எதுவும் இல்ல, இருந்தாலும் வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட டைம் வாங்கியிருக்கேன்.

கடைசியா ஒண்ணு, ரேஸுக்கு முன்னாடி மாவுச்சத்தை நிறைய சாப்பிடற கார்ப் லோடிங் பண்ணா எடை ஏறுமாமே, மலை ஏறப் போறவன் எடை ஏத்திக்கலாமா?

பழையஷூ:
ஏறும், ஒண்ணுல இருந்து ரெண்டு கிலோ வரைக்கும் கூட. மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனா சேர்த்து வைக்கும், அது ஒரு கிராம் சேரறப்ப கூடவே மூணு கிராம் தண்ணி சேரும், அதுதான் அந்த எடை, கொழுப்பு இல்ல. ஓட ஓட அது கரைஞ்சு வெளிய வந்துடும். புத்தகத்துல உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10-12 கிராம் மாவுச்சத்து, ஒண்ணரை ரெண்டு நாளைக்குன்னு இருக்கும், 60 கிலோ ஆளுக்கு 600 கிராம், சாப்பிட்டுப் பாருங்க, வாய் வலிக்கும். உங்க வேகத்துக்கு 7-8 கிராம் போதும்னு நான் சொல்வேன். முக்கியமா நார்ச்சத்தையும் கொழுப்பையும் அந்த ரெண்டு நாள் குறைங்க, இல்லன்னா ரேஸ்ல புதர் தேட வேண்டி வரும்.

நாலாவதுவிரல்:
வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட வேண்டாம், சைக்கிள் அல்லது நீச்சல்னு வச்சுக்கோங்க, மூச்சுத் திறன் குறையாது. டாக்டர் என்ன சொன்னார்னு இங்கயே வந்து சொல்லுங்க, அதுக்கு அப்புறம் இறக்கம் ஓடறதா வேண்டாமான்னு பேசிக்கலாம்.