1969 கமாரோ எஸ்எஸ் 350: 4800 ஆர்பிஎம் தாண்டினால் மிஸ்ஸிங். எங்கே பார்ப்பது?

கேள்வி
வணக்கம். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். வண்டி 1969 செவ்ரோலே கமாரோ எஸ்எஸ், 350 கன அங்குல வி8 இன்ஜின் (எல்48), நாலு கியர் மேனுவல், குவாட்ராஜெட் கார்புரேட்டர். டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்புவது) இன்னும் பழைய பாயிண்ட்ஸ்தான், அதாவது காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்.

ஐடிலில் அருமையாக நிற்கிறது, 4000 வரை நல்ல இழுவை. இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தால் 4800 பக்கத்தில் பட் பட்டென்று வெட்டுகிறது. காலை லேசாக எடுத்தால் உடனே சரியாகிவிடும். ஒரு கடையில் கார்புரேட்டர்தான் என்றார்கள். பிரித்துக் கிட் போட்டும் மாற்றமில்லை. பிளக், வயர், கேப், ரோட்டார் எல்லாம் புதுசு. பிளக் இடைவெளி 0.035 அங்குலம். ஆகஸ்ட்டில் வுட்வர்ட் அவென்யூவில் ஓட்ட வேண்டும். உதவுங்கள்.

பதில் 1
வால்வு ஸ்பிரிங் செத்திருக்கும். ஐம்பது வருஷத்துக்கு மேலான ஸ்பிரிங் அந்த வேகத்தில் வால்வை நேரத்துக்கு மூடாது. ஹெட்டைக் கவனியுங்கள்.

பதில் 2
தம்பி, ஹெட்டில் கை வைக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். இந்த வேகத்தில் மூன்று பேர்மேல் சந்தேகம் வரும்: வால்வு, பெட்ரோல், ஸ்பார்க். எப்போது, எந்த லோடில் வெட்டுகிறது என்பதை வைத்தே காசு செலவில்லாமல் பிரித்துவிடலாம்.

வால்வு மிதப்பதற்கு (நேரத்துக்கு மூடாமல் போவதற்கு) லோடு தேவையில்லை, ஆர்பிஎம் போதும். இன்ஜின் சூடானதும் நியூட்ரலில் 5200 வரை ஒரு நொடி மட்டும் ஏற்றிப் பாருங்கள். அங்கே சுத்தமாக ஏறினால் ஸ்பிரிங்கை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பெட்ரோல் பற்றாக்குறை என்றால் மிதித்தவுடன் நன்றாக ஓடி, கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் காலியான பிறகுதான் இழுவை சாகும். அதனால் மூன்றாவது, நாலாவது கியரில் நீளமாக இழுக்கும்போது மோசமாகும். பிரஷர் கேஜை நீள ஹோஸில் மாட்டி, முன் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பாருங்கள். கேஜை காருக்குள் கொண்டுவராதீர்கள், கசிந்தால் ஆபத்து.

ஸ்பார்க் பலவீனம் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில், லோடில், சட்டென்று வெட்டும். உங்கள் வர்ணனை எனக்கு அப்படித்தான் படுகிறது. நியூட்ரலில் சிலிண்டர் அழுத்தம் குறைவு, நோஞ்சான் ஸ்பார்க்கே போதும்; முழுசாக மிதிக்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும்.

கேட்டவர்
நன்றி அண்ணா. நியூட்ரலில் 5200 சுத்தமாக ஏறியது. கேஜ் 5.5 பிஎஸ்ஐயில் அசையவே இல்லை, வெட்டும் நேரத்திலும் அதேதான். மூன்றாவது கியரிலும் அதே 4800.

பதில் 2
அப்போ கார்புரேட்டர் பாவம், அதை விடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாருங்கள்.

அம்பாசடர் பாயிண்ட்ஸ் பார்த்துப் பழகியவர்கள் இதைக் குறைத்து எடைபோடுவார்கள். அது நாலு சிலிண்டர். இங்கே 4800-ல் பாயிண்ட்ஸ் நொடிக்கு 320 தடவை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட்டேஜ் தருவது) சார்ஜ் ஆகக் கிடைப்பது சுமார் 2 மில்லி செகண்டு. பாயிண்ட்ஸ் ஸ்பிரிங் தளர்ந்தால் மூடிய முனை துள்ளும், அந்த 2 மில்லி செகண்டிலும் பாதி போய்விடும்.

வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு டுவெல் (பாயிண்ட்ஸ் மூடியிருக்கும் கோணம்) மீட்டர் மாட்டுங்கள். 30 டிகிரி இருக்க வேண்டும். ஆர்பிஎம் ஏற்றும்போது 3 டிகிரிக்கு மேல் ஆடினால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது. கேப்பைக் கழற்றி ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தாலும் ஆட்டம் கையில் தெரியும். உள்ளே பிளேட்டுக்குப் போகும் மெல்லிய எர்த் வயர் உறைக்குள் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, ஸ்பிரிங் தராசின் கொக்கியை முனையருகே மாட்டி நேராக இழுத்து, பாயிண்ட்ஸ் திறக்கும் நொடியில் அளவு எடுங்கள். 19 முதல் 23 அவுன்ஸ் வர வேண்டும்.

பதில் 3
எலக்ட்ரானிக் கிட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில் 2
நல்ல யோசனைதான். ஆனால் ஷாஃப்ட் ஆடினால் அதுவும் தடுமாறும். பல கிட்டுகளுக்கு முழு 12 வோல்ட் வேண்டும். இந்தக் காரில் காயிலுக்குப் போவது ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாக. அதைக் கவனிக்காமல் மாட்டினால் புது மிஸ்ஸிங் வரும்.

கேட்டவர்
டுவெல் 30, ஆர்பிஎம் ஏற்றினால் 29. ஷாஃப்டில் ஆட்டமில்லை, எர்த் வயர் நன்றாக இருக்கிறது. ஸ்பிரிங் 14 அவுன்ஸ்தான்! பாயிண்ட்ஸும் கண்டன்சரும் புதிதாகப் போட்டேன், இப்போது 21. இரண்டாவது கியரில் 5400 வரை ஒரு வெட்டு இல்லாமல் போகிறது.

பதில் 2
மகிழ்ச்சி தம்பி. பாயிண்ட்ஸைத் தள்ளித் திறக்கும் கேமில் துளி கிரீஸ் வைத்தீர்களா? இல்லையென்றால் அதில் உரசும் பாயிண்ட்ஸின் கட்டை சீக்கிரம் தேய்ந்து இடைவெளி மூடிவிடும். இன்ஜின் ஓடும்போதே கேப்பின் ஜன்னல் வழியாக ஆலன் கீ விட்டு டுவெலை 30-க்கு வைத்த பிறகு டைமிங் லைட் பிடித்து ஸ்பார்க் வரும் நேரத்தைச் சரிபாருங்கள். டுவெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் ஒரு டிகிரி நகரும், அதனால் அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.