கனடாக் குளிரில் கரவனுக்குள் தம்பி: என்ன ஆயத்தம் செய்யவேண்டும்?

கிளிநொச்சி அக்கா:
தம்பி எட்மன்டனில் இருக்கிறான். வாடகை கட்டமுடியாமல் பழைய கரவன் (காரில் இழுத்துச் செல்லும் வண்டி வீடு) வாங்கி, இந்தக் குளிர்காலம் அதற்குள்தான் இருக்கப்போகிறானாம். சில இரவுகளில் மைனஸ் 30 வருமாம். மார்கழிப் பனிக்கே நாங்கள் இங்கே போர்த்திக்கொண்டு கிடக்கிறோம். எனக்கு நித்திரை வருகுதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
தங்கச்சி, நான் அல்பேர்ட்டாவில் இரண்டு குளிர்காலம் கரவனில் இருந்தவன். முதலில் அடிப்பக்கம். நிலத்துக்கும் கரவனுக்கும் இடையில் சுற்றிவர ரெஜிபோம் (குளிர் புகாத நுரைப் பலகை) அடைக்கட்டும். நான் பிந்திவிட்டேன், ஒரே இரவில் தண்ணீர்க் குழாய் நீளத்துக்கு வெடித்துவிட்டது. குழாய்க்குச் சூடாக்கும் வயர் சுற்றவேண்டும். கழிவுத் தொட்டி வால்வைத் திறந்து விடக்கூடாது, ஒழுகுகிற தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறையும். நிரம்பியபின் திறக்கட்டும்.

காஸ் என்றால் புரொப்பேன்தான், அது மைனஸ் 42 வரை ஆவியாகும். பியூட்டேன் பூச்சியத்திலேயே படுத்துவிடும்.

அப்புறம் ஈரம். 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் விடியப்புறம் தறப்பாளில் இருந்து முகத்தில் சொட்டியது நினைவிருக்கா? எங்கள் மூச்சுத் தண்ணிதான் அது. கரவனிலும் அப்படித்தான், மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். எவ்வளவு குளிர் என்றாலும் கூரைத் துவாரத்தை ஒரு விரலளவு திறந்து வைக்கச் சொல்லுங்கோ.

வவுனியா தாதி:
சமையல் அடுப்பை மூட்டிக் குளிர்காயவே கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. அதற்குரிய அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூடப் படுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், அக்கா.

கிளிநொச்சி அக்கா:
நன்றி அண்ணை, நன்றி தங்கச்சி. இப்போதுதான் கதைத்தேன். அலாரம் இருக்காம், ஆனால் பற்றரி இல்லையாம்! இன்றைக்கே வாங்கச் சொல்லிவிட்டேன்.