பக்கத்து வயலுக்கு விமானம் அடித்த மருந்து உங்கள் பக்கம் வந்ததுண்டா?

வரப்போரம்:
அடித்தது பக்கத்துக் கோதுமைக்கு, களைக்கொல்லி. அன்று லேசாக வாடை வந்தது, அவ்வளவுதான். இரண்டொரு நாளில் என் தக்காளியில் தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு, கொழுந்து கீழே பார்த்துச் சுருண்டு நிற்கிறது. பார்த்ததுமே 2,4-டி என்கிற களைக்கொல்லிதான் என்று புரிந்துவிட்டது. தக்காளி, திராட்சை, பருத்தி இதற்கு எப்படித் துவளும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். பைலட்டைக் கேட்டால், "இலைகூட அசையலையே, காற்று எங்கே இருந்தது?" என்றார். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

தேன்கூடு:
எனக்குப் பூச்சிமருந்து. சூரியகாந்தி பூத்திருக்கும்போது, முற்பகலில். சத்தம் கேட்டு ஓடினால் பெட்டி வாசலில் தேனீக்கள் மல்லாந்து கிடந்து சுழல்கின்றன. உள்ளே இருப்பவை செத்ததை இழுத்து வெளியே போட்டபடியே இருக்கின்றன. முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராத்திரியே பெட்டிகளைத் தள்ளி வைத்திருப்பேன். சாயங்காலம் அடித்தால் என்ன குறைந்துவிடும்?

கலவைக்காரன்:
விமானத்துக்கு மருந்து கலந்து ஏற்றும் வேலை பார்த்தவன் நான். தேன்கூடு சொல்வது தேனீக்குச் சரி, மருந்து நகர்வதற்குச் சரியில்லை. வெயில் இறங்கினதும் தரையை ஒட்டின காற்று குளிர்ந்துவிடும், மேலே சூடான காற்று மூடி நிற்கும். 150 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த பொடித்துளிகள் கீழே விழாமல் அப்படியே தொங்கும். பிறகு மெல்ல எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரும். வரப்போரம், உங்கள் பைலட் சொன்ன அசையாத காற்றே சந்தேகத்துக்குரியதுதான். காற்று எப்படி நகர்கிறது என்று பார்க்க விமானத்திலேயே புகை விடும் கருவி உண்டு. ஒரு தடவை எங்கள் பைலட் விட்ட புகை மேலே போகாமல் வயல்மேல் தட்டையாகப் படுத்துக்கிடந்தது. டாங்க் நிறைய மருந்தோடு திரும்பி வந்து இறங்கிவிட்டார். ஒரே திசையில் மெதுவாக வீசும் காற்று இதைவிட நல்லது, அது போகும் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு அடிக்கலாம். நாசில், அதாவது மருந்து பீய்ச்சும் முனை, பெரிய துளி போடுவதாக இருக்க வேண்டும். நாசில் குழாய் இறக்கை நுனிவரை நீளக் கூடாது, நுனியில் சுழலும் காற்று துளியை மேலே தூக்கிவிடும். பயிருக்கு மேல் 3 மீட்டர் அளவில் பறந்தால் போதும். அப்புறம், ஆதாரத்துக்குப் பாதித்த இலையை உடனே உறையவைத்து எடுத்து வையுங்கள், படமும் பிடியுங்கள்.

தேன்கூடு:
அப்போ பகலிலும் கூடாது, சாயங்காலமும் கூடாது. தேனீ வளர்க்கிறவன் எப்போது வந்து நிற்பது?

வரப்போரம்:
கலவைக்காரரே, அறிவுரை கேட்கவில்லை நான். அடித்து முடித்துப் பறந்து போனவரிடம் புகை விட்டுப் பார்த்தீரா என்று எங்கே போய்க் கேட்பது? மருந்தின் பெயரைக்கூடப் பக்கத்து வயல்காரர் காலி டின்னைக் காட்டித்தான் உறுதிசெய்தார்.