மெக்னீசியம் மாத்திரை: மருத்துவரைக் கேளாமல் தொடர்ந்து எடுக்கலாமா?

நெய்தல்:
என் தாயாருக்கு வயது 68. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு, உறவினர் ஒருவர் 400 மி.கி. மெக்னீசியம் ஆக்சைடு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மருந்துச் சீட்டில்லாமல் கிடைப்பதால் எத்தனை மாதம் எடுத்தாலும் தீங்கில்லை என்கிறார். இது சரியா?

செங்காந்தள்:
உங்கள் உறவினர் சொல்வது பெரும்பாலும் சரி. மெக்னீசியம் உடலுக்கு அயலான பொருளன்று. கீரையிலும் கேழ்வரகிலும் நிலக்கடலையிலும் நாம் அன்றாடம் உண்பதுதான். மிகுந்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 350 மி.கி. என்று அமெரிக்காவில் 1997-இல் வகுக்கப்பட்ட உச்சவரம்புகூட வயிற்றுப்போக்கை வைத்துக் கணிக்கப்பட்டதே. உண்மையில் நாம் அஞ்ச வேண்டியது குறைபாட்டைத்தான். ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை நீண்டகாலம் எடுப்போருக்கு மெக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது. கட்டுக்குள் வராத சர்க்கரை நோயாளிகள் சிறுநீரிலேயே அதை இழக்கிறார்கள்.

முல்லைக்கரை:
"சிறுநீரகம் வெளியேற்றிவிடும்" என்ற ஒரு தொடரின் மேல்தான் உங்கள் வாதம் முழுவதும் நிற்கிறது. நெடுநாள் சர்க்கரை நோய் எந்த வலியும் காட்டாமல் சிதைப்பது அந்தச் சிறுநீரகத்தைத்தான் என்பதை எப்படி விட்டுவிட்டீர்கள்? ஜப்பானில் மெக்னீசியம் ஆக்சைடு மலச்சிக்கலுக்கு மிகப் பரவலாகத் தரப்படும் மருந்து; ரத்தத்தில் மெக்னீசியம் ஏறி முதியோர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால், அங்கு 2015-இல் அதன் எச்சரிக்கைக் குறிப்பை மாற்றி எழுதினார்கள். வயிற்றுப்போக்கு முன்கூட்டியே எச்சரித்துவிடும் என்று நம்பவும் முடியாது, ஏனெனில் மலச்சிக்கல் உள்ளவரின் குடலில் மருந்து நெடுநேரம் தங்கிக் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. பேறுகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடும்போது செவிலியர் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சையும் சிறுநீரின் அளவையும் கணக்கெடுப்பதும், முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் இந்த உப்பு எல்லை மீறினால் மூச்சையே நிறுத்திவிடும் என்பதால்தான்.

செங்காந்தள்:
ஊசியையும் மாத்திரையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது முறையன்று. ஊசியில் ஒரே நாளில் பல கிராம் செலுத்துகிறார்கள். ஜப்பானில் மலமிளக்கியாக நாளொன்றுக்கு 2 கிராம் வரை தருகிறார்கள். 400 மி.கி. ஆக்சைடில் உள்ள மெக்னீசியமோ ஏறத்தாழ 240 மி.கி.; அதிலும் குடல் ஏற்பது சிறு பங்குதான். இப்படி அச்சுறுத்தினால், உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களும் மாத்திரையைத் தொடமாட்டார்கள்.

முல்லைக்கரை:
அளவு வேறு என்பதை ஏற்கிறேன். நலமாக இருக்கும் முப்பது வயதுக்காரர் கேட்டிருந்தால் நான் மறுத்தே எழுதியிருக்க மாட்டேன். இங்கே கேட்பவர் 68 வயதுச் சர்க்கரை நோயாளியின் பிள்ளை. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்று அறியாமல் "தீங்கில்லை" என்று எப்படிச் சொல்வது? அந்த எண் 30-க்குக் கீழே இருந்தால் 240 மி.கி.யும் நாளுக்கு நாள் தேங்கக்கூடும். மேலும், முதியோரின் கால் பிடிப்புக்கு மெக்னீசியம் குறிப்பிடத்தக்க பயன் தருவதாகத் தெரியவில்லை என்பதே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு கண்ட முடிவு. பயனே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்?

மருந்துக்கடை:
மருந்தாளுநர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் பலவற்றிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உண்டு என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் இதனோடு சேர்ந்தால் சரியாக உறிஞ்சப்படுவதில்லை.

நெய்தல்:
அந்த ஜெல்லையும் தைராய்டு மாத்திரையையும் தாயார் எடுத்துவருகிறார். மெக்னீசியத்தை நிறுத்திவிட்டேன், கிரியேட்டினின் பரிசோதனைக்கு நாளை ரத்தம் கொடுக்கிறோம்.

செங்காந்தள்:
அதே ரத்தத்தில் மெக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உடலில் உள்ள மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை. ஆகவே அளவு இயல்பாக வந்தாலும் குறைபாடே இல்லை என்று உறுதியாகாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால், மாத்திரையை மீண்டும் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.