கிட்டார் நெக் பிக்கப் மாற்ற வேண்டும், எதைப் போடலாம்?

வணக்கம். கும்பகோணம் பக்கம் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். எலக்ட்ரிக் கிட்டார், லெஸ் பால் வடிவம், 2 ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்; பிக்கப் என்பது கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்), வால்யூம், டோன் திருகிகளுக்கு 500 கே பாட், 10-46 தடிமன் கம்பி. வாங்கி 3 வருடம் ஆகிறது.

கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்பில் 4, 5, 6ஆம் கம்பிகள் (தடித்தவை) போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கின்றன. வீட்டில் தனியாக வாசித்தால் பரவாயில்லை. மேடையில் பேஸும் கீபோர்டும் சேர்ந்ததும், 4ஆம் கம்பியில் இழுத்து வாசிக்கிற கமகம் அப்படியே கரைந்துவிடுகிறது. கம்பிகளின் அடிமுனைப் பக்கம் இருக்கும் பிரிட்ஜ் பிக்கப் தெளிவாக இருக்கிறது, அதைத் தொடப் போவதில்லை.

புதுக் கம்பி போட்டேன். பிக்கப்பைத் தாழ்த்தி, தடித்த கம்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம் இறக்கினேன், சத்தம்தான் குறைந்தது. டோன் கேப்பாசிட்டரை 0.047 மைக்ரோஃபாரடிலிருந்து 0.022 ஆக்கினேன். டோனை முழுதாகத் திறந்து வைத்தால் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. மல்டிமீட்டரில் பாட் சரியாகவே காட்டுகிறது. மின்தடை நெக் பிக்கப்பில் 8.6 கே (கிலோ ஓம்), பிரிட்ஜில் 8.2 கே. அப்புறம் ஆம்பையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

இங்கே மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. சால்டரிங் நானே செய்துகொள்வேன். கிட்டார் கட்டையைக் குடைய மனமில்லை. பட்ஜெட் 10,000 ரூபாய்.

சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜாஸ், 59 என்ற ஹம்பக்கர்கள், ஹம்பக்கர் அளவில் வரும் பி-90 (ஒற்றைச் சுருள் பிக்கப்) இந்த மூன்றில், தடித்த கம்பிகள் தெளிவாகவும் கமகம் நீண்டு நிற்கவும் எதை வாங்கலாம்?