வெட்ஜ்வுட் நீல ஜாடி: வியாபாரி 1790 என்கிறார், நம்பலாமா?

நீலப்பித்து

எல்லோருக்கும் வணக்கம். ஜாஸ்பர் (இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் கம்பெனி பேர்போன, நிற உடம்பில் வெள்ளை உருவங்கள் ஒட்டிய மண்பாண்டம்) சேகரிப்பில் நான் இன்னும் கத்துக்குட்டி. இதுவரை வாங்கியதெல்லாம் சின்னத் தட்டு, மூடி போட்ட டப்பா, சாம்பல் கிண்ணம் மாதிரி 20ஆம் நூற்றாண்டுச் சாமான்கள்தான். அடியில் 'மேட் இன் இங்கிலாண்ட்' என்று தெளிவாக இருக்கும், விலையும் கைக்கு அடக்கம், அதனால் குழப்பமே வந்ததில்லை.

இப்போது இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் ஒரு ஜாடி கண்ணில் பட்டது. மூடியோடு எட்டு அங்குலம் இருக்கும். வெளிர் நீலம், சுற்றிலும் வெள்ளையில் கைகோத்து ஆடும் பெண்கள் (சிற்பி பிளாக்ஸ்மன் வடித்த 'டான்ஸிங் அவர்ஸ்' என்று வியாபாரி சொன்னார், படங்களோடு ஒப்பிட்டால் சரியாகத்தான் இருக்கிறது). அடியில் 'வெட்ஜ்வுட்' என்று மட்டும் அழுத்திய முத்திரை. இங்கிலாண்ட் என்ற சொல் எங்கேயும் இல்லை. அதைக் காட்டித்தான் "இது 1790 வாக்கில் செய்தது, கம்பெனியைத் தொடங்கிய ஜோசையா வெட்ஜ்வுட் உயிரோடு இருந்த காலம்" என்கிறார். 850 பவுண்டு கேட்கிறார். சனிக்கிழமை வரை எடுத்து வைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

வெறும் 'வெட்ஜ்வுட்' முத்திரை இருந்தால் 18ஆம் நூற்றாண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா? வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஜாடியை நேரில் இன்னொரு முறை பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

சூளைமேட்டான்

முத்திரையை மட்டும் வைத்து 850 பவுண்டு கொடுக்காதீர்கள். அது ஒன்றையுமே நிரூபிக்காது.

இங்கிலாண்ட் என்ற சொல் வந்ததே அமெரிக்காவால்தான். 1890இல் அவர்கள் போட்ட மெக்கின்லி சட்டப்படி, இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று இருக்க வேண்டும். அதனால் 1891 முதல் வெட்ஜ்வுட் அதைச் சேர்த்தது. 'மேட் இன் இங்கிலாண்ட்' அதற்கும் பிறகு, 20ஆம் நூற்றாண்டில். ஆக இங்கிலாண்ட் இல்லை என்றால் அநேகமாக 1891க்கு முந்தையது, அவ்வளவுதான். அநேகமாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், சின்னத் துண்டுகளிலும் ஜோடியில் ஒன்றிலும் அதற்குப் பிறகும் விட்டுப்போனது உண்டு. ஜோசையாவின் கூட்டாளி பென்ட்லி 1780இல் இறந்தபிறகு அந்தக் கம்பெனி போட்ட முத்திரை பெரும்பாலும் இந்த வெறும் 'வெட்ஜ்வுட்'தான். அதாவது 1780க்கும் 1891க்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. உங்கள் வியாபாரி அதன் ஆரம்ப முனையைப் பிடித்துக்கொண்டு விலை சொல்கிறார்.

எழுத்துக்கூட்டலையும் ஒரு தடவை பாருங்கள். நடுவில் கூடுதலாக ஒரு 'இ' இருந்தால் அது ஸ்டாக்டன் ஊர்க்காரர்களின் சரக்கு, ஜோசையாவுடையது இல்லை. பின்னால் 'அண்ட் கோ' என்று இருந்தாலும் வேறு கம்பெனி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பிரச்சினை இல்லை என்றுதான் தோன்றுகிறது.

முத்திரைக்குப் பக்கத்தில் தனியாகச் சின்ன எழுத்துகள் ஏதாவது அழுத்தியிருக்கிறதா? பூதக்கண்ணாடி வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று எழுத்து இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

எட்ரூரியா

சூளைமேட்டான் சொன்னது முழுக்கச் சரி. அந்த எழுத்துகள் எல்லா ஜாஸ்பரிலும் இருக்காது, மண்பாண்டத் தட்டுகளில்தான் அதிகம். இல்லாவிட்டால் ஜாடியையே படிக்க வேண்டியதுதான், எனக்கு அதுதான் பிடித்த வேலையும்கூட.

முதலில் கையால் தடவிப் பாருங்கள். ஜாஸ்பருக்கு மேலே கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) கிடையாது, உடம்பே சூளையில் இறுகி அடர்த்தியாகிவிடும். ஜோசையா வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்து 1770களின் நடுவில் கண்டுபிடித்த சூட்சுமம் பேரியம் சல்பேட். டெர்பிஷையர் சுரங்கங்களில் கிடைத்த கனமான வெள்ளைக் கல். அந்தக் கலவை போட்டிக்காரர்கள் கைக்குப் போய்விடக்கூடாது என்று அவர் பட்ட பாடு தனிக் கதை. அந்த முதல் தலைமுறைத் துண்டுகளைத் தொட்டால் ஒரு வழுவழுப்பு இருக்கும், மெழுகு பூசியது போல. விக்டோரியா காலத்து ஜாஸ்பர் கொஞ்சம் வறண்டிருக்கும், சுண்ணாம்பு தொட்ட உணர்வு வரும். இரண்டையும் அடுத்தடுத்து ஒரு முறை தொட்டுவிட்டால் விரல் மறக்காது.

அடுத்தது வெள்ளை உருவங்கள். இவற்றைத் தனியே அச்சில் அழுத்தி எடுத்து, ஈரம் தடவி, ஜாடியின் மேல் கையால் ஒட்டுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்தே சூளையில் சுருங்கும். நல்ல காலத்து வேலையில் ஆடையின் ஓரங்கள் மிக மெலிசாக இருக்கும், அடியில் உள்ள நீலம் லேசாக ஊடுருவித் தெரியும், ஏதோ உண்மையிலேயே மஸ்லின் கட்டியிருக்கிறாள் என்று நினைக்கிற அளவுக்கு. விரல்களுக்கு நடுவே, கழுத்துக்குக் கீழே, கருவியால் தோண்டித் திருத்திய கூர்மை தெரியும். பிற்காலத்தில் அச்சிலிருந்து அச்சு, அதிலிருந்து இன்னொரு அச்சு என்று போய் முகமெல்லாம் மொழுங்கிவிட்டது. உங்கள் ஜாடியில் ஆடும் பெண்களின் மூக்கும் கால்விரல்களும் எப்படி இருக்கின்றன? நான் முதலில் பார்ப்பது கால்விரல்களைத்தான்.

மூன்றாவது, நிறம் உள்வரைக்கும் போகிறதா என்பது. ஆரம்பத்தில் மண் முழுக்கவும் நிறம் கலந்தார்கள். 1777லிருந்து வெள்ளை உடம்பை நிறக்குழம்பில் முக்கி எடுக்கும் முறையும் வந்தது. விளிம்பிலோ அடியிலோ சில்லு போயிருந்தால் தெரிந்துவிடும், உள்ளே வெள்ளையாக இருந்தால் முக்கி எடுத்தது. ஆனால் இதை வைத்து மட்டும் வயதைச் சொல்லாதீர்கள், இரண்டு முறையும் நெடுங்காலம் ஓடியது.

முடிந்தால் சனிக்கிழமைக்குள் ஒரு நாள் பார்லஸ்டன் போய் வாருங்கள். வெட்ஜ்வுட் அருங்காட்சியகத் தொகுப்பு ஏலத்துக்குப் போகிற நிலைமை வந்தபோது, 2014இல் 1.575 கோடி பவுண்டு திரட்டிக் காப்பாற்றி வி அண்ட் ஏ (லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம்) பெயரில் அங்கேயே வைத்திருக்கிறார்கள். லிவர்பூல் பக்கம் என்றால் போர்ட் சன்லைட்டில் லேடி லீவர் காட்சிக்கூடம், ஜாஸ்பருக்கு அதுவும் அருமை. கண்ணாடிக்குப் பின்னால்தான் என்றாலும் நல்லது எது என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

நீலப்பித்து

இன்று காலை போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன். பார்லஸ்டன் போக நேரம் இல்லை, மன்னிக்கவும்.

எழுத்து இருக்கிறது! முத்திரைக்குக் கீழே, மிகச் சின்னதாக, மூன்று: வி, எம், ஆர். வியாபாரியிடம் கேட்டேன், "அது செய்தவன் அடையாளம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

முகங்கள் பரவாயில்லை, ஆனால் எட்ரூரியா சொன்ன மாதிரி ஆடையில் நீலம் ஊடுருவித் தெரியவில்லை, வெள்ளை தடிப்பாகத்தான் இருக்கிறது. கால்விரல்களைத் தனித்தனியாக எண்ண முடியவில்லை. அடி விளிம்பில் அரிசி அளவு சில்லு, உள்ளே வெள்ளை. மூடியின் நீலம் உடம்பின் நீலத்தைவிட ஒரு பொட்டு அடர்த்தி, அல்லது வெளிச்சத்தால் எனக்கு அப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

சூளைமேட்டான்

வி, எம், ஆர் கிடைத்ததா, அப்படியானால் வேலை முடிந்தது.

வெட்ஜ்வுட் இந்த மூன்றெழுத்து முறையை 1860இல் தொடங்கியது. அதனால் இந்த எழுத்துகள் இருக்கும் எதுவும் 18ஆம் நூற்றாண்டு இல்லை, வியாபாரி தலைகீழாக நின்றாலும் இல்லை. முதல் எழுத்து மாதம், நடு எழுத்துதான் செய்தவர், கடைசி எழுத்து வருடம். 1860க்கு ஓ, அப்படியே போய் 1871க்கு இசட், 1872இல் மறுபடி ஏ. உங்களுடையது ஆர். அப்படியென்றால் 1863 அல்லது அடுத்த சுற்றில் 1889. வழக்கமாக இங்கேதான் மண்டை காயும். ஆனால் உங்களுக்கு அதிர்ஷ்டம், முதல் எழுத்து வி. ஜூலை மாதத்துக்கு வி போட்டது ஆரம்ப வருடங்களில் மட்டும்தான். 1864லிருந்து ஜூலைக்கு எல் என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே 1889 அடிபட்டுப் போகிறது. 1863 ஜூலை.

ஜோசையா இறந்தது 1795இல், அதாவது 68 வருடம் கழித்துச் செய்த ஜாடி இது. ஜோசையாவின் அதே எட்ரூரியா தொழிற்சாலையில்தான் செய்தது, அதில் பொய் இல்லை. போலியும் இல்லை. ஆனால் 1790 விலைக்கு 1863 ஜாடியை வாங்க வேண்டிய அவசியம் என்ன?

மூடியைப் பற்றி நீங்கள் சந்தேகப்பட்டது நல்லதுதான். ஜாடிகளில் முதலில் உடைவது மூடிதான், வேறொரு ஜாடியின் மூடியை ஜோடி சேர்த்துவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். விளிம்பில் சரியாக உட்காருகிறதா, ஆடுகிறதா என்று சுற்றிப் பாருங்கள். கூடவே ஒரு சின்ன புற ஊதா டார்ச் இருந்தால் பழுது பார்த்துப் பெயின்ட் அடித்த இடம் வேறு மாதிரி ஒளிரும்.

கருங்கல்

எல்லோரும் நீலம் நீலம் என்று அடித்துக்கொள்கிறீர்கள், இதனால்தான் நீலத்துக்கு இந்த விலை.

பக்கத்திலேயே வெட்ஜ்வுட்டின் கறுப்பு பசால்ட் (கிளேஸ் இல்லாத கறுப்பு மண்பாண்டம்) இருக்கிறது, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்டாஃபோர்ட்ஷையரில் அதற்கு முன்பே கறுப்பு மண்பாண்டம் செய்துகொண்டுதான் இருந்தார்கள், நிலக்கரிச் சுரங்க நீரில் படியும் இரும்புச் சேற்றைக் கலந்து. ஜோசையா 1768 வாக்கில் அதைச் செம்மைப்படுத்தி மாங்கனீசும் சேர்த்து, உளி போட்டால் கீறாத அளவுக்கு அடர்த்தியாக்கினார். 1769 ஜூன் 13 அன்று எட்ரூரியா தொழிற்சாலை திறந்தபோது அவரே கையால் வனைந்து, பென்ட்லி சக்கரம் சுற்ற, செய்த ஜாடிகளும் கறுப்புதான், மேலே சிவப்பில் கிரேக்க உருவங்கள். நேப்பிள்ஸில் தூதராக இருந்த ஹாமில்டன் திரட்டிய பழைய ஜாடிகளின் படங்களைப் பார்த்துதான் அந்த உருவங்களை வரைந்தார்கள். கறுப்பு தேநீர்க்கெண்டியைப் பிடித்தால் சீமாட்டிகளின் கை இன்னும் வெள்ளையாகத் தெரியும் என்பதுவரைக்கும் யோசித்த வியாபாரி அவர்.

பென்ட்லி காலத்துக் கறுப்பு ஜாடியில் ஒரு விஷயத்தை நேரில் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். ஜாடியும் சதுர பீடமும் தனித்தனி, நடுவில் உலோகத் திருகாணி. 'வெட்ஜ்வுட் அண்ட் பென்ட்லி, எட்ரூரியா' என்ற வட்ட முத்திரை அந்தத் திருகாணியைச் சுற்றியே வரும்.

வெட்ஜ்வுட் பெயரே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. லேன் எண்ட் ஊர் ஜான் டர்னர் செய்த வெள்ளை ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டு இறுகிய மண்பாண்டம்) ஜாடிகள், கழுத்து பழுப்பு நிறம், உடம்பில் வேட்டைக் காட்சிகள், சிலவற்றில் வாய்க்கு வெள்ளிப் பூண். டன்ஸ்டலில் வில்லியம் ஆடம்ஸ் செய்த ஜாஸ்பர், வெட்ஜ்வுட் பக்கத்தில் வைத்தால் தலைகுனியாது. ஆனால் ஜெர்மனியில் பிற்காலத்தில் போர்சலினில் செய்த நீல வெள்ளைத் தட்டுகள் நிறைய சுற்றுகின்றன, அவற்றில் உருவமும் தட்டும் ஒரே அச்சில் வந்திருக்கும், நீலத்தைப் பிறகு தூரிகையால் தீட்டியிருப்பார்கள். வெள்ளை உருவத்தின் ஓரத்தில் நீலம் வழிந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எட்ரூரியா

கருங்கல், உங்கள் கட்சி எனக்குப் புரிகிறது, ஆனால் கறுப்பில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பழைய ஒட்டு வேலையை மறைப்பது அதில்தான் சுலபம். புதியவருக்கு அதைப் போய் சிபாரிசு செய்கிறீர்களே.

நீலப்பித்து, 1863 என்றதும் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். மாதம்வரை தேதி தெரிந்த ஜாஸ்பர் ஜாடி தினமும் கிடைக்காது. 18ஆம் நூற்றாண்டுத் துண்டுகளில் பாதிக்கு 'சுமார்' போட்டுத்தான் சொல்ல வேண்டும். மூடி அதன் சொந்த மூடிதான் என்றால், சில்லையும் கழித்துக்கொண்டு விக்டோரியா காலத்து விலைக்குத் தந்தால் தாராளமாக வாங்கலாம்.

நீலப்பித்து

எல்லோருக்கும் நன்றி. மறுபடி போய் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், மூடி உடம்போடு கச்சிதமாகப் பொருந்துகிறது, நிறமும் ஒன்றுதான், கடை விளக்குதான் ஏமாற்றியிருக்கிறது. மூன்றெழுத்துக் கணக்கை வியாபாரியிடம் பொறுமையாகச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் விலை மட்டும் 400க்கு இறங்கியது. நான் 300 சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வாங்கினால் எப்படிக் கழுவுவது? உருவங்களின் மடிப்பில் நல்ல அழுக்கு.

சூளைமேட்டான்

ஒத்துக்கொள்ளாமல் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறார் என்றால் ஒத்துக்கொண்டுவிட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மிதமான சோப்பு, மெல்லிய பிரஷ். அடியில் துண்டு விரித்த பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக் கழுவுங்கள், கல் தொட்டியில் வேண்டாம். பிளீச் கூடவே கூடாது. பழைய ஒட்டு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஊறவே வைக்காதீர்கள், ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். மூடியைத் தனியாகக் கழுவுங்கள்.